எங்கள பத்தி எழுதறீங்க சரி, எங்களுக்கா எழுதறீங்க?

எழுத்தாளர் வாசகர் உறவுன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது புக் ஃபேர் கியூதான். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல ஸ்டாலுக்கு முன்னாடி வரிசை, கைல புது புக்கு, மொதப் பக்கத்த தொறந்து நீட்டினா 'அன்புடன்'னு ஒரு கையெழுத்து, கூட ஒரு செல்ஃபி, 'சார் உங்க நாவல் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல'ன்னு நாம ஒரு வரி சொல்ல, அவரு 'அப்டியா, சந்தோஷம்'னுட்டு அடுத்த ஆள பாத்துருவாரு. தப்பு ஒண்ணும் இல்ல, நானும் நின்னுருக்கேன், வர்ற ஜனவரியும் நிப்பேன். ஆனா அது ரசிகர் சமாச்சாரம். வாசகர்னா என்னப் பொறுத்தவரைக்கும் எழுதினவங்க கிட்ட கணக்கு கேக்குற ஆளு. 'நீ சொன்னது சரியா வரலியே, இது எப்பிடி இப்பிடி ஆச்சு'ன்னு கேக்குற ஆளு. அதுக்கு எழுதினவர் உக்காந்து பதில் சொல்லணும், சொல்லாட்டியும் சொல்லணுமேன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் ஒதறலாச்சும் இருக்கணும்.

ராயபுரம் பக்கம் ஒரு நாவலுக்கு விமர்சனக் கூட்டம் நடந்துச்சு, கொஞ்ச வருஷம் ஆச்சு. கதை வட சென்னை மீன்பிடி ஹார்பர் இருக்குற காசிமேட்டுல நடக்குது. எழுதினவர் நம்ம ஏரியா கெடையாது, ஆனா நல்லா எழுதக்கூடியவர்தான், பேரு வேணாம். மேடையில இருந்தவங்க மாத்தி மாத்தி 'விளிம்புநிலை', 'ரத்தமும் சதையுமா', 'இதுவரை பேசப்படாத வாழ்க்கை'ன்னு பேசி முடிச்சாங்க. கேள்வி நேரம்னதும் பின்வரிசையில ஒரு அக்கா எந்திரிச்சாங்க. ஹார்பர்ல ஏலத்துல மீன் எடுத்து விக்கிறவங்க. அவங்க பொண்ணு காலேஜ் படிக்குது, அதுதான் புக்க வாங்கியாந்து ராத்திரியில கொஞ்சம் கொஞ்சமா அம்மாவுக்கு படிச்சுக் காமிச்சிருக்கு. அக்கா கேட்டது இவ்ளோதான்: "சார், நல்லாதான் எழுதிக்கீறீங்க, அந்தப் பொண்ணு அழுவுற எடத்துல நானும் அழுதேன். ஆனா மே மாசம்னு போட்டுட்டு லாஞ்சு நெறைய மீனோட கரைக்கு வருதுன்னு எழுதிக்கீறீங்களே, அப்போ தடைக்காலமாச்சே, லாஞ்சு எப்டி கடலுக்குப் போச்சு?"

ஹால்ல சிரிப்பு. எழுத்தாளரும் சிரிச்சாரு. "புனைவுல இந்த மாதிரி தகவல்லாம் அவ்ளோ முக்கியம் இல்லம்மா, உணர்வுதான் முக்கியம்"னாரு. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.

அக்கா விடல. கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிறப்போ என் பக்கத்துல நின்னுட்டு பொண்ணு கிட்ட பொலம்பிட்டு இருந்தாங்க, நானும் காத குடுத்துட்டு நின்னேன். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இந்தப் பக்க கடல்ல விசைப்படகு, அதான் லாஞ்சு, எறங்கக் கூடாது, மீனு முட்டை விடுற சமயம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். பைபர் போட்டு போவும், கட்டுமரம் போவும், லாஞ்சு போவாது. ஆனா அவங்க சொன்னது அது மட்டும் இல்ல. அந்த ரெண்டு மாசம்தான் லாஞ்ச மேல ஏத்தி பெயின்ட் அடிக்கிறது, இஞ்சின பிரிச்சுப் போடுறது, வலைய ஒக்காந்து தெக்கிறது, ஐஸ் பொட்டி தூக்குறவன்லேர்ந்து மீன் வெட்டிக் குடுக்குற ஆயா வரைக்கும் கைல காசு இல்லாம கெடக்கிறது, அதுலயே ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்துடும், ஃபீஸ் கட்டணும், கம்மல் அடகுக்குப் போவும். நாவல்லயும் அம்மா கம்மல அடகு வெக்கிற எடம் வருது, ஆனா அது தீவாளி சமயத்துல வருது, காரணம் அப்பா குடிக்கிறாருன்னு வருது. "குடிக்காத ஆம்பளையா இருந்தாலும் மே மாசம் கம்மல் போவும் தம்பி, அத எழுதாம வுட்டுட்டாரு பாரு"ன்னாங்க. இத விட நல்ல விமர்சனம் அன்னிக்கு மேடையில யாரும் பேசல. கதை அவருக்காக அங்கயே கெடந்திருக்கு, அவரு தாண்டிப் போயிட்டாரு, அத சுட்டிக் காட்டுறதுக்கு ஒரு வாசகி வந்து நின்னா 'தகவல்'னு ஒதுக்கித் தள்ளிட்டாரு.

ஏன் தள்ளினாருன்னு யோசிச்சா, அந்த அக்கா தன்னோட புக்க படிப்பாங்கன்னே அவரு நெனச்சிருக்க மாட்டாரு. காசிமேட்ட பத்தி எழுதினாரு, ஆனா காசிமேடு பாத்தே இருக்காத ஒருத்தருக்கு எழுதினாரு. வட சென்னைய வெச்சு எழுதுறதுல பாதி இந்தக் கதைதான். கத்தி, கஞ்சா, கானா, கேரம் போர்டு, குப்பமேடு. இன்னொரு சிறுகதையில ஹீரோ அடை மழையில பைக்க எடுத்துட்டு கணேசபுரம் சப்வேய ஒரே முறுக்குல தாண்டிப் போறான். வியாசர்பாடியில ஒரு சின்னப் பையன கேட்டாலும் சொல்லுவான், நாலு தூறல் விழுந்தா அந்த சப்வேயில தண்ணி நின்னுடும், பைக்கு இல்ல பஸ்சே உள்ள மாட்டும்னு. படிச்சுட்டு எங்க செட்டுல ஒரு வாரம் சிரிச்சோம்.

ஆனா ஒண்ணு, எப்பவும் இப்பிடி இருக்கல. நம்ம பக்கத்துல எழுத்தும் வாசிப்பும் ஒரே தெருவுல இருந்த காலம் உண்டு. பார்க் டவுன் கந்தசாமி கோயில சுத்தி குஜிலி பஜார்னு இருந்துச்சு, அங்கதான் அந்தக் கால பாட்டு புக்குங்க வியாபாரம். ரெண்டு மூணு தாளு, மட்டமான காயிதம், காலணா அரையணா வெல. கொலை நடந்தா ஒரு பாட்டு, ரயிலு கவுந்தா ஒரு பாட்டு, வெள்ளம் வந்தா ஒரு பாட்டு. ஆராய்ச்சியாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதுக்கெல்லாம் சேத்து முச்சந்தி இலக்கியம்னு பேரு வெச்சு எழுதியிருக்காரு. முச்சந்தியில நின்னு பாடிக் காமிச்சுதான் விக்கணும், ஜனம் நின்னு கேட்டா காசு, மொகத்த சுளிச்சா அடுத்த பாட்டு. எழுதினவனுக்கோ பாடி விக்கிறவனுக்கோ வாசகர் யாருன்னு சந்தேகமே வந்திருக்காது, எதிர்லயே நிக்கிறாரே. கொண்டித்தோப்புல ரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட பெரிய எழுத்து புக்குங்களும் அப்பிடித்தான், நல்லதங்காள் கதை, மதுரைவீரன் கதை, விக்கிரமாதித்தன் கதை. எழுத்த ஏன் அவ்ளோ பெருசா போட்டாங்க? எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கு, வெளக்கு வெளிச்சத்துல சத்தமா படிச்சா தெருவே கேக்குற ஆளுக்கு. எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா நல்லதங்காள் கதை வரிக்கு வரி தெரியும், புளியந்தோப்புல யாரோ ஒருத்தர் திண்ணையில ஒக்காந்து படிக்க கேட்டு கேட்டு. அவங்கள வாசகி இல்லன்னு சொல்ல எனக்கு தைரியம் கெடையாது.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா வள்ளலார். சின்ன வயசுல ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுலதான் இருந்தாரு, கந்தகோட்டத்து முருகன பாடினதெல்லாம் அப்பதான். அப்புறம் அவரு கருங்குழி பக்கம் போயிட்டாரு. பாட்ட எல்லாம் அச்சுல போடணும்னு இறுக்கம் இரத்தின முதலியார்னு ஒரு அன்பர் அலையா அலைஞ்சாரு, இவருக்கோ அச்சுல வர்றதுல இஷ்டமே இல்ல. முதலியார் கடைசியில என்ன பண்ணாருன்னா, பாட்டு கைக்கு வர்ற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடுன்னு ஒக்காந்துட்டாரு. அது காதுக்குப் போனதும் வள்ளலார் பதறிப் போயி லெட்டர் எழுதுறாரு, பாட்டு அனுப்புறேன், சாப்பாட்ட வுடாதீங்கன்னு. 1867ல திருவருட்பா அச்சாச்சு. ஒரு வாசகன் பட்டினி கெடந்து வாங்கின புக்கு அது. புக்கு வந்தப்புறம் ஆறுமுக நாவலர் பக்கத்துலேர்ந்து கெளம்பின சண்டை தனிக் கதை, அத இங்க எடுத்தா முடியாது.

அயோத்திதாசரையும் சொல்லணும். 1907ல ராயப்பேட்டையிலேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, பேரு 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த வருஷமே வாசகருங்க கேட்டுக்கிட்டாங்கன்னு பேர 'தமிழன்'னு மாத்தினாரு. பத்திரிகையோட பேரையே வாசகர் மாத்த முடிஞ்சிருக்கு! இன்னிக்கு ஒரு கதையில ஒரு மாசத்த மாத்த முடியல.

எனக்கு தெரிஞ்ச காலத்துல இந்த உறவ நான் கண்ணால பாத்தது ஓட்டேரி பக்கம் இருந்த ஒரு வாடகை லைப்ரரியில. வீட்டோட முன் ரூம்புதான், ஒரு ஆளு நுழைஞ்சா இன்னொரு ஆளு வெளிய நிக்கணும். புக்கு வெலையில பத்துல ஒரு பங்கு வாடகை. அங்க எனக்குப் புடிச்சது புதுசு இல்ல, பைண்டு புக்குங்க. வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சு சேத்து வெச்சு, மைதா பசையில மயில்துத்தம் கலந்து ஒட்டி, முதுகுல காலிகோ துணி போட்டு தெச்சது. எவங்க வீட்டு அம்மாவோ சேத்து வெச்சது, அவங்க போனப்புறமோ வீடு மாறினப்பவோ எடைக்குப் போட்டு, மூர் மார்க்கெட்டு கைமாறி இங்க வந்து சேந்திருக்கும். 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்புறம் கடைங்க அல்லிக்குளத்துக்குப் போச்சு, அங்கயும் இந்த மாதிரி பைண்டிங் கெடைக்கும். கதை நடுவுல பாதி ஜோக்கு, பின் பக்கத்துல ஹார்லிக்ஸ் விளம்பரம், ஒரு வாரத்து தாளு மிஸ்ஸாகி அந்த எடத்துல வெள்ளத் தாள வெச்சு 'இந்த வாரம் கிடைக்கவில்லை, ரகு ஊருக்குப் போய்விட்டான் என்று சரோஜா சொன்னாள்'னு கையால எழுதி இருக்கும். நெனச்சுப் பாருங்க, கதைய விட்ட எடத்துல வாசகியே எழுதி ஒட்டிட்டாங்க.

அதுக்கு மேல பென்சில் எழுத்து. அந்த லைப்ரரி புக்குல மார்ஜின்லயே ஒரு கூட்டம் நடக்கும். 'இவ அம்மா சொல்றதுதான் சரி' - கீழ வேற கையெழுத்துல 'உங்கள் வீட்டில் பெண் இல்லையா?' - அதுக்கும் கீழ 'இருவரும் வெளியே போய் சண்டை போடவும்'. துப்பறியும் நாவல் மொதப் பக்கத்துலயே ஒரு படுபாவி 'கொலை செய்தது டிரைவர்'னு எழுதி வெச்சுட்டுப் போயிருப்பான், அவன் மட்டும் என் கைல கெடச்சிருந்தா! லைப்ரரி அண்ணன் ரப்பர் வெச்சு அழிச்சு அழிச்சு வெறுத்துப் போயி 'எழுதினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது'ன்னு போர்டு மாட்டுனாரு. அதுக்கப்புறமும் எழுதுனாங்க. இதெல்லாம் எந்த எழுத்தாளர் கண்ணுலயும் பட்டிருக்காது, அதான் வருத்தம்.

கண்ணுல பட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு கல்கி ஒரு சாட்சி. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே மாசம் வரைக்கும் வாரா வாரம் வந்துச்சு. மூணரை வருஷம் கூடவே நடந்துட்டு வந்த ஜனத்துக்கு கதை பட்டுனு முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு, லெட்டர் மேல லெட்டர். அந்த ஆளு என்ன ஆனான், இவளுக்கு கல்யாணம் ஆச்சா இல்லியான்னு. கல்கி தனியா ஒரு முடிவுரை எழுதி, சரித்திரக் கதைய எங்க நிறுத்தணும்னு தன் பக்க ஞாயத்தையும் சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொல்லிட்டுப் போனாரு. அதே வருஷம் டிசம்பர்ல ஆளே போயிட்டாரு. 'உணர்வுதான் முக்கியம்'னு அவரும் சொல்லிட்டு நகந்திருக்கலாம், அவ்ளோ பேரு படிக்கிற எழுத்தாளர் அப்போ தமிழ்ல யாரு இருந்தா?

ஜெயகாந்தன் ரூட்டு வேற. அவரு சமாதானம் பேசுற ஆளே இல்ல. அக்கினிப் பிரவேசம் கதை விகடன்ல வந்து, கெடுக்கப்பட்ட பொண்ணு தலையில அம்மா தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டன்னு சொன்னதுக்கு ஊரே கொதிச்சுச்சு, லெட்டரா வந்து குவிஞ்சுது. அவரு பின்வாங்கல. ஆனா காதையும் மூடிக்கல. சரி, அந்த அம்மா அப்பிடி சொல்லாம ஊரக் கூட்டி இருந்தா அந்தப் பொண்ணு கதி என்னன்னு கேட்டுப் பாத்து சில நேரங்களில் சில மனிதர்கள் எழுதுனாரு, 1972ல சாகித்ய அகாதமி விருது அதுக்குத்தான். அதுல ஒரு வெளையாட்டு வேற பண்ணிருப்பாரு பாருங்க, நாவலோட நாயகி கங்கா ஒரு பத்திரிகை கதைய படிக்கிறா, அது அவ சொந்தக் கதை மாதிரியே இருக்கு, ஆனா கதையில வர்ற அம்மா மட்டும் இவ அம்மா மாதிரி இல்ல. எழுதினவரு யாருன்னு பாத்தா அவ படிச்ச காலேஜ் பக்கத்து ஆளே. என் வாழ்க்கைய எடுத்துக்கிட்டியே, நான் கேக்க வேண்டியது உன்கிட்ட இருக்குன்னு வாசகி எழுத்தாளரத் தேடிப் போற அந்த நெலமைய நாவல் உள்ளயே கொண்டாந்து வெச்சாரு. கோவமா லெட்டர் போட்டவங்க எல்லாம் சேந்துதான் அந்த நாவல எழுத வெச்சாங்கன்னு நான் சொன்னா, ஜேகே இருந்திருந்தா பெல்ட்ட கழட்டிருப்பாரு, ஆனா நான் அப்பிடித்தான் நெனைக்கிறேன்.

இத படிச்சுட்டு ஒருத்தர் கேக்கலாம், அப்போ கொதிச்சு வர்றவன் எல்லாம் வாசகனா, சொல்றதுக்கெல்லாம் எழுத்தாளர் தலையாட்டணுமான்னு. இல்ல. சுஜாதா குமுதத்துல 1857 சிப்பாய் கலக காலத்த வெச்சு ஒரு தொடர் ஆரம்பிச்சாரு, கருப்பு சிவப்பு வெளுப்புன்னு, ஒரு சாதிய தப்பா எழுதிட்டாருன்னு எதிர்ப்பு கெளம்பி நிறுத்த வேண்டியதாயிடுச்சு, அப்புறம் ரத்தம் ஒரே நிறம்னு பேர மாத்தி திரும்ப எழுதுனாரு. பெருமாள்முருகன் விஷயம் அத விட மோசம். 2010ல வந்த மாதொருபாகன் நாவலுக்கு 2014 கடைசியில எரிப்பு, கடையடைப்பு, அதிகாரிங்க முன்னாடி பேச்சுவார்த்தை, 2015 ஜனவரியில எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு அவரே எழுதுற நெலம. அடுத்த வருஷம் ஜூலை 5ஆம் தேதி நம்ம பாரிமுனை பக்கத்து ஐகோர்ட்டுதான் தீர்ப்பு சொல்லுச்சு, படிக்கிறதா வேணாமாங்கறது வாசகர் இஷ்டம், புடிக்கலன்னா புக்க தூக்கிப் போடு, எழுதுறவரு திரும்ப எழுதட்டும்னு. எதிர்த்து கெளம்பின அந்தக் கூட்டத்துல எத்தினி பேரு புக்க முழுசா படிச்சாங்க? கணக்கு கேக்குறவன் மொதல்ல பில்ல பாக்கணும்ல. காசிமேட்டு அக்கா நாவல முழுசா கேட்டுட்டு, அழுதுட்டு, அப்புறம்தான் கேள்வி கேட்டாங்க. வாசகருக்கும் கடமைன்னு ஒண்ணு இருந்தா அதுதான், வேற ஒண்ணும் எனக்குத் தோணல.

அதே மாதிரி வாசகருக்குப் புடிக்கணுமேன்னு எழுதுறதும் எனக்கு ஆவாது. புதுமைப்பித்தன் தன்னோட தொகுப்பு முன்னுரையிலயே உங்களுக்கு உபதேசம் பண்ணி கரையேத்துற ஏற்பாடெல்லாம் என்கிட்ட இல்லன்ற மாதிரி எழுதி வெச்சாரு. மரியாதையான பேச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா எதிர்ல ஒரு ஆளு இருக்கான்னு நெனச்சுதான் பேசுறாரு, திட்டுறதுன்னா கூட மூஞ்சிக்கு நேராத்தான். எங்க ஏரியாவுல அது மதிப்புதான். யாருமே எதிர்ல இல்லாத மாதிரி, எங்கயோ விருது குடுக்குற கமிட்டிக்கு மட்டும் கேக்குற மாதிரி எழுதுறாங்க பாருங்க, அதுக்கு இந்தத் திட்டே தேவல.

இப்போ கொஞ்சம் நல்லாவும் இருக்கு. இந்த மண்ணுலயே பொறந்து வளந்தவங்க எழுத வந்துட்டாங்க, பாக்கியம் சங்கர், கரன் கார்க்கின்னு. இவங்க எழுதுறதப் படிச்சுட்டு நம்ம தெரு பசங்க 'டேய் இது அந்த சந்துடா'ன்னு கண்டுபுடிக்கிறானுங்க, கண்டுபுடிச்சுட்டு சண்டைக்கும் போறானுங்க, எங்க தாத்தாவ ஏன் அப்பிடி எழுதுனன்னு. எழுதுறவங்களுக்கு தலவலிதான். மார்க்கெட்டுக்குப் போனாலும் மாட்டிக்குவாங்க. படட்டும்.

நானும் எப்பவாச்சும் சிறுபத்திரிகையில கதை எழுதுவேன், எழுதுறவன்னு சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. எம்கேபி நகர்ல எங்க தெரு முனையில இஸ்திரி வண்டி போட்டிருக்குற அண்ணன்தான் எனக்கு நெரந்தர வாசகர். மெய்ன் ரோட்டு பழைய பேப்பர் கடையில புக்கா பொறுக்கி வந்து வண்டிக்கு அடியில சாக்குப் பையில வெச்சிருப்பாரு, கரி கனல்ற நேரத்துல படிப்பாரு. என் கதை ஒண்ணுல மூலக்கொத்தளத்து பையன் ஒருத்தன் அம்மாவ வுட்டுட்டு துபாய் போயிடுவான், அவ்ளோதான் கதை, அவன் திரும்பி வரல. அண்ணனுக்கு ஆறவே இல்ல. சட்டை வாங்கப் போனா ஆரம்பிச்சுடுவாரு, அந்தம்மாவுக்கு மாசா மாசம் பணமாச்சும் வருதா, அவன் ஏன் ஒரு போன் கூட போடல, அவன் பண்ணது உனக்கே ஞாயமா படுதான்னு. நான் எனக்குத் தெரிஞ்ச காரணத்த எல்லாம் சொல்லிப் பாத்தேன், விசா, ஏஜென்ட்டு, கடன், வெக்கம். வெக்கம்னதும் மட்டும் கொஞ்சம் யோசிச்சாரு. போன வாரம் துணி குடுக்கப் போனப்போ, "யப்பா, அவன் வரலன்னா போறான், அந்தம்மாவ பக்கத்து வூட்டுல யாராச்சும் பாத்துக்கிறாங்களான்னாவது எழுதேன், அது கூடவா தெரியாம எழுதுவ"ன்னாரு. அது அந்தக் கதையில இல்லண்ணேன்னேன். "இல்லன்னு தெரியுது, படிச்சேனே. எங்க இருக்குன்னு சொல்லு"ன்னாரு, இஸ்திரி பொட்டிய என் சட்டை மேல வெக்காம கைலயே புடிச்சுட்டு நின்னாரு.